பால்கனித் தொட்டியைப் பார்த்துச் சிரிக்காதீர்கள்

உழவர் கூட்டங்களில் மாடித்தோட்டம், தொட்டிச்செடி என்று யாராவது பேச்சை எடுத்தால் பின்வரிசையில் ஒரு சிரிப்பு கேட்கும். "நாலு தொட்டி வெச்சுட்டு நானும் விவசாயிங்கிறாங்க" என்பார்கள். அந்தச் சிரிப்பில் நானும் பல வருஷம் சேர்ந்திருக்கிறேன். இப்போது சேருவதில்லை. ஏன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

என்னைப் பற்றி இரண்டு வரி. 34 வருஷம் வங்கி வேலை. அதில் பாதிக்கு மேல் பயிர்க்கடன் பார்த்தவன். ஓய்வுக்குப் பிறகு சிதம்பரம் பக்கம் வீராணம் ஏரிப் பாசனத்தில் மூன்று ஏக்கரில் ரசாயனம் இல்லாமல் நெல்லும் உளுந்தும் போடுகிறேன். மகன் கடலூரில் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறான். என் வீட்டம்மாவுக்கு முழங்கால் தேய்மானம். கிராமத்து வீட்டுப் படியும் கொல்லைப்புறமும் இனி ஆகாது என்று மருத்துவர் சொன்னதும், மகன் வீட்டோடு வந்துவிட்டார். நான் வாரத்தில் நான்கு நாள் வயல், மூன்று நாள் கடலூர். 45 கிலோமீட்டர் பஸ்.

வயல் என் பெயரில் இருந்தது, கொல்லை அவர் கையில் இருந்தது. கிணற்றடியில் வல்லாரை, வேலியில் தூதுவளை, துளசி மாடம், புழக்கடைச் சுவரில் பிரண்டை. பேரப்பிள்ளைக்கு சளி என்றால் கற்பூரவல்லி இரண்டு இலை, வயிறு மந்தம் என்றால் பிரண்டைத் துவையல். 38 வருஷம் அவர் பண்ணிய விவசாயம் அது. அதை விவசாயம் என்று நான் ஒரு நாளும் கணக்கில் எழுதியதில்லை. கடலூர் வந்த முதல் மாதம், கற்பூரவல்லி இலையைக் காசு கொடுத்து வாங்க வேண்டியிருந்தது. அன்றைக்குச் சாயங்காலம் அவர் சொன்னார்: "உங்க மூணு ஏக்கர்ல நீங்க என்ன வேணா போடுங்க. எனக்கு இந்த பால்கனி நாலடியாவது இருக்கட்டுங்க."

சரி, நான்தான் விவசாயி ஆயிற்றே, இது என்ன பெரிய காரியம் என்று இறங்கினேன். மூன்று தடவை தோற்றேன். மூன்றையும் சொல்கிறேன். தொடங்கப்போகிறவர்களுக்கு உதவும்.

முதல் தோல்வி என் கர்வத்தால் வந்தது. பத்து வருஷம் தழைச்சத்து சேர்த்து, மண்புழு ஓட வைத்த என் வயல் மண்ணைவிட நல்ல மண் எங்கே கிடைக்கும் என்று ஒரு சிமெண்ட் சாக்கு நிறையக் கொண்டுவந்து தொட்டிகளை நிரப்பினேன். நம்முடையது டெல்டா களிமண். நெல்லுக்குத் தங்கம். ஆனால் தொட்டிக்குள் தண்ணீர் ஊற்றினால் களியாகிறது, காய்ந்தால் செங்கல்லாகிறது. வயலில் மண்புழுவும் வேரும் வெடிப்பும் சேர்ந்து செய்கிற வேலையை ஒரு முழ உயரத் தொட்டியில் யார் செய்வது? துளசி வேர் அழுகி இருபது நாளில் போச்சு. வல்லாரை மட்டும் பிழைத்தது. அது ஈரத்தில் வாழப் பிறந்த செடி.

இரண்டாவது தோல்வி பணத்தால். மண் வேண்டாம் என்று வளர்ப்புப் பை, தேங்காய்நார்க் கழிவுக் கட்டி, "ஆர்கானிக்" என்று எழுதிய நாலைந்து பாட்டில் எல்லாம் வாங்கினேன். வங்கிப் பழக்கத்தில் கணக்கு எழுதினேன். செலவு 4,260 ரூபாய். நாலு மாதத்தில் பறித்த தழை, கடை விலையில் போட்டாலும் 300 ரூபாய் தேறாது. வங்கியில் இதற்கு வாராக்கடன் என்று பெயர். நார்க் கழிவில் ஈரம் நிற்கும், சத்து கிடையாது. அதிலும் நன்றாக அலசாத கட்டியில் உப்பு இருக்கும். இரண்டு மூன்று முறை ஊறவைத்துப் பிழிந்துதான் பயன்படுத்த வேண்டும். அதை யாரும் சொல்லவில்லை. பைகள் கடலூர் வெயிலில் இரண்டாம் வருஷமே உதிர்ந்தன. ரசாயனத்தை விட்டுவிட்டேன் என்று சொல்லிக்கொண்டு பிளாஸ்டிக் குப்பையை உருவாக்கிக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது தண்ணீரால். எங்கள் ஆழ்குழாய்த் தண்ணீர் கொஞ்சம் உவர்ப்பு. குடிக்க ஆர்.ஓ. மெஷின். அது வெளியே தள்ளும் தண்ணீரை வீணாக்காமல் செடிக்கு ஊற்றினோம். நல்லெண்ணம்தான். ஆனால் அந்த மெஷின் உப்பைப் பிரித்து எதில் தள்ளுகிறதோ அதைத்தான் நாம் தொட்டியில் ஊற்றுகிறோம். வயலில் ஒரு நல்ல மழை உப்பை அடித்துக் கீழே இறக்கிவிடும். கூரைக்குக் கீழே இருக்கிற தொட்டிக்கு மழையும் இல்லை, கீழே போக இடமும் இல்லை. இலை ஓரம் கருகியதைப் பார்த்து பூச்சி என்று நினைத்து வேப்பெண்ணெய் அடித்துக்கொண்டிருந்தேன். பயிர்க்கடன் ஆய்வுக்குப் போய் எத்தனை வயலில் உவர் பார்த்திருப்பேன். வீட்டுத் தொட்டியில் அது தெரியவில்லை.

எனக்குப் பாடம் சொன்னவர் ஒரு வெட்டிவேர் விவசாயி. கடலூருக்குத் தெற்கே நொச்சிக்காடு, தியாகவல்லி பக்கம் கடலோர மணலில் வெட்டிவேர் போடுகிறார்கள். வெறும் மணல்தானே என்று நாம் கடந்துபோகிற இடம். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடம் என் தொட்டிப் புராணத்தைச் சொன்னேன். சிரித்துவிட்டு, "உங்க களிமண்ணுல நான் வெட்டிவேர் போட்டா வேரை அறுத்துத்தான் எடுக்கணும் சார். மணல்னா முழுசா வரும். வேருக்கு மூச்சு விட இடம் வேணும். தொட்டியிலயும் அதான்" என்றார். அவ்வளவுதான். என் களிமண்ணும் தப்பில்லை, அவருடைய மணலும் உசத்தியில்லை. தொட்டிக்கு இரண்டுக்கும் நடுவில் ஒன்று வேண்டும்.

அதற்காக ஆற்று மணலை அள்ளச் சொல்லவில்லை. நம் பக்கம் நெல் அரைவை ஆலைகளில் உமி கிடைக்கிறது. அதைக் காற்றோட்டம் குறைத்துக் கரியாக்கினால் உமிக்கரி. ஆலைக் கொதிகலனில் எரிந்து வரும் சாம்பல் வேறு, இது வேறு. சாம்பலைக் கொட்டினால் மண் காரத்தன்மை ஏறிவிடும். இப்போது எங்கள் கலவை இதுதான்: நன்றாக மட்கிய தொழுவுரம் அல்லது மண்புழு உரம் இரண்டு பங்கு, உமிக்கரி இரண்டு பங்கு, உதிர்த்த வயல் மண் ஒரு பங்கு, தொட்டிக்கு ஒரு பிடி வேப்பம் புண்ணாக்கு. மேலே காய்ந்த சருகு மூடாக்கு. மூடாக்கு போடுங்கள் என்று நம்மாழ்வார் ஐயா ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டு போனது ஏக்கர் கணக்கில் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் இல்லை. மாசி, பங்குனி வெயிலில் பால்கனித் தரை கொதிக்கும்போது அதன் அருமை தெரியும்.

தண்ணீருக்கு ஏ.சி.யிலிருந்து சொட்டுவதைப் பிடிக்கிறோம். அதில் உப்பு அநேகமாக இல்லை. அரிசி கழுவிய தண்ணீரும் ஊற்றுகிறோம். மாதம் இரண்டு முறை தொட்டியைக் குளியலறைக்குக் கொண்டுபோய், அடித்துளை வழியாகத் தண்ணீர் நன்றாக வடியும் வரை நல்ல தண்ணீர் ஊற்றி உப்பைக் கழுவுகிறோம். கீழ்வீட்டுக்காரர் காயப்போட்ட துணியில் சொட்டினால் மூலிகை வளர்ப்பு பெரிய சண்டையாகிவிடும் என்பதை அனுபவத்தில் சொல்கிறேன். பஞ்சகவ்யமும் அப்படித்தான். வயலில் அதன் வாசம் நமக்குப் பெருமை. மூன்றாவது மாடியில் அது புகார் மனு. பால்கனிக்கு மண்புழு உரமே போதும்.

செடியை முடிவு செய்வது வெளிச்சம். நாம் ஆசைப்பட்டதையெல்லாம் வைக்க முடியாது. கிழக்குப் பார்த்த பால்கனி என்றால் யோகம், எல்லாம் வரும். துளசிக்கு ஐந்து மணி நேர வெயிலாவது வேண்டும். வடக்குப் பார்த்த பால்கனியில் துளசி வைத்து ஏங்காதீர்கள். அங்கே வல்லாரை, புதினா, வெற்றிலை வையுங்கள். மேற்கு என்றால் மதிய அனல் தாங்குகிற பிரண்டை, சோற்றுக்கற்றாழை, தூதுவளை. கற்பூரவல்லி எங்கே வைத்தாலும் கோபித்துக்கொள்ளாது, அதிகத் தண்ணீர் மட்டும் ஆகாது. ஒன்றையும் விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை. கற்பூரவல்லி குச்சியில் வரும். பிரண்டை ஒரு கணு போதும். கடையில் வாங்கிய புதினாக் கட்டில் நாலு தண்டைத் தண்ணீரில் வைத்தால் வேர்விடும். தூதுவளை சிவந்த பழத்து விதையிலும் வரும், தண்டிலும் வரும். பெயின்ட் வாளியில் அடித்துளை போட்டால் அதுவே தொட்டி.

இன்னும் மூன்று எச்சரிக்கை. 20 லிட்டர் வாளியில் வயல் மண்ணை நிரப்பி நனைத்தால் 30 கிலோவைத் தாண்டும். பால்கனி நுனியில் வரிசை கட்டாதீர்கள், சுவர் ஓரமாக வையுங்கள். உமிக்கரிக் கலவையில் எடை வெகுவாகக் குறையும். இரண்டாவது, புயல். 2011 டிசம்பர் 30 விடியற்காலை தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியபோது பண்ருட்டிப் பலா மரங்களே வேரோடு சாய்ந்தன. கைப்பிடிச் சுவர்மேல் வைத்த தொட்டி எம்மாத்திரம்? அது பறந்தால் கீழே நடப்பவர் தலை. ஐப்பசி பிறந்தால் எல்லாத் தொட்டியும் தரைக்கு வந்துவிட வேண்டும். மூன்றாவது, தொட்டிக்கு அடியில் வைக்கிற தட்டு. அதில் நிற்கிற நல்ல தண்ணீரில்தான் டெங்குக் கொசு முட்டையிடும். தட்டை வாரம் ஒருமுறை கவிழ்த்துத் தேய்க்காதவர் மூலிகை வளர்த்து என்ன பிரயோசனம்?

இதோடு சேர்ந்த ஒன்று. தொட்டி மூலிகை அடுக்களைக்கு, சில்லறை உபாதைக்கு. எங்கள் குடியிருப்பில் ஒரு பெரியவர் மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லி போதும் என்று பத்து நாள் மருத்துவரிடம் போகாமல் இருந்துவிட்டார். பிறகு ஆஸ்பத்திரியில் படுத்துத்தான் எழுந்தார். கண் மஞ்சளானாலும், மூன்று நாள் காய்ச்சல் விடாவிட்டாலும், மூச்சு இழுத்தாலும் மருத்துவரிடம் போங்கள். நம் இயக்கத்து மேடையில் மூலிகை பற்றிப் பேசுகிறவர்கள் இதையும் சேர்த்தே பேச வேண்டும். ஒருவருக்குக் கெடுதல் நடந்தால் நாம் சொன்ன நல்லதும் சேர்ந்து போய்விடும்.

சரி, இதெல்லாம் வீட்டு வேலை. உழவர் இதழில் எதற்கு என்று கேட்கலாம். இனிமேல்தான் விஷயம்.

எங்கள் எதிர்வீட்டு அம்மா கீரைக்காரப் பாட்டியிடம் தினமும் பேரம் பேசுவார். பத்து ரூபாய்க் கட்டை எட்டுக்குக் கேட்பார். இலையில் ஓட்டை இருந்தால் திருப்பிக் கொடுப்பார். என் வீட்டம்மா அவருக்குப் புதினாவும் துளசியும் கொடுத்தார். புதினாவை அசுவினி மொய்த்தது. துளசிக் கொழுந்தில் மாவுப்பூச்சி. தினமும் தண்ணீரால் அலசி, சோப்புக் கரைசல் தெளித்து, இரண்டு மாதம் போராடி, கடைசியில் ஒரு கைப்பிடிப் புதினா பறித்தார். அந்த வாரத்திலிருந்து பாட்டியிடம் பேரம் நின்றுவிட்டது. "இவ்ளோ பாடா இருக்கே, பத்து ரூபாய்க்கு எப்படித்தான் குடுக்கறாங்களோ" என்று என் வீட்டம்மாவிடம் சொல்லியிருக்கிறார். நான் பத்து வருஷம் நகரத்துக் கூட்டங்களில் மைக் பிடித்துப் பேசி ஒருவர் மனதில் ஏற்ற முடியாததை ஒரு புதினாத் தொட்டி ஏற்றிவிட்டது.

பால்கனித் தொட்டி ஒரு குடும்பத்துக்குச் சோறு போடாது. நாலு தொட்டியில் தற்சார்பு வந்துவிட்டது என்று சொல்கிறவர்களை நம்பாதீர்கள். அது உழவரை அவமதிக்கிற பேச்சு. ஆனால் நம் விளைச்சலின் விலையைப் புரிந்துகொள்கிற ஒரு வீட்டை அந்தத் தொட்டி உருவாக்கும். அந்த வீடு நமக்கு வேண்டும். நாம் சிரித்துக்கொண்டு ஒதுங்கி நின்றால் அந்த வீட்டுக்குள் பாட்டில் கம்பெனி போகும். இப்போதே போய்விட்டது.

நம் தோட்டக்கலைத் துறை 2013-14இல் சென்னையிலும் கோவையிலும் "நீங்களே செய்து பாருங்கள்" என்று மாடித்தோட்டத் தளை கொடுத்தது. பை, நார்க் கழிவுக் கட்டி, விதை, உயிர் உரம் எல்லாம் சேர்ந்த தொகுப்பு. நல்ல தொடக்கம். ஆனால் தொகுப்பு என்பது ஒருமுறை வருவது. பை கிழிந்து, சத்து தீர்ந்து, செடி வாடும்போது நகரத்துக்காரர் யாரிடம் போவார்? அங்கே ஒரு உழவர் நிற்க வேண்டும் என்பது என் கட்சி. 1991இல் சோவியத் ஒன்றியம் உடைந்து, எண்ணெயும் ரசாயன உரமும் வருவது நின்றபோது கியூபாவின் ஹவானா நகரத்துக் காலிமனைகளில் பாத்தி கட்டி, மட்கிய உரம் போட்டுக் காய்கறியும் கீரையும் விளைவித்தார்கள். பறித்த இடத்திலேயே விற்றார்கள். விதையும் உரமும் ஆலோசனையும் ஒரே இடத்தில் கிடைக்கிற கடைகளும் நகரத்துக்குள்ளேயே வந்தன. நம் உழவர் சந்தைகளில் அப்படி ஒரு மூலை ஏன் இருக்கக் கூடாது?

நான் சிறிதாகச் செய்துபார்த்தேன். போன தை முதல் ஆடி வரை 5 கிலோ தொட்டிக் கலவைப் பை 60 ரூபாய் வீதம் 60 பை, மூலிகை நாற்று 15 ரூபாய் வீதம் 110. வரவு 5,250 ரூபாய். உமி, சாக்கு, வண்டி எல்லாம் சேர்ந்து செலவு 1,400. மிச்சம் 3,850. பெரிய பணம் இல்லை. ஆனால் வாங்கிய 14 வீட்டில் 9 வீடு இப்போது மாதம் பத்துக் கிலோ அரிசி என்னிடமே வாங்குகிறது. தொட்டி பார்க்கப் போகும்போது அரிசியும் கூடவே போகிறது. சாயம் இல்லாத, பாலிஷ் குறைந்த அரிசி ஏன் இந்த நிறம் என்று யாரும் கேட்பதில்லை. தரகருக்கு நான் கொடுத்த நெல்லின் விலையோடு ஒப்பிட்டால் அங்கேதான் லாபம்.

ஒரே ஒரு கட்டுப்பாடு. வயல் மண்ணை விற்காதீர்கள். காசு வருகிறதே என்று மேல்மண்ணைச் சாக்கில் போட்டு அனுப்ப ஆரம்பித்தால், பத்து வருஷத்தில் சேர்த்த உயிரை ஒரு கோடையில் விற்றுவிடுவோம். எங்கள் கலவையில் ஐந்தில் ஒரு பங்குதான் மண், அதுவும் வரப்பு வெட்டும்போதும் வாய்க்கால் தூர்வாரும்போதும் வந்தது. மீதி எல்லாம் உரமும் உமிக்கரியும். செடி முடிந்த பழைய தொட்டி மண்ணைத் திரும்ப வாங்கி, உரம் கலந்து மறுபடி கொடுக்கிறேன். கடன் கொடுத்து வசூலித்துப் பழகியவனுக்கு இது சுலபம்.

என் வீட்டம்மாவின் பால்கனியில் இப்போது பதினொரு தொட்டி. காலையில் காபிக்கு முன் அங்கேதான் நிற்கிறார். பதினொன்றாவது ஒரு உயரமான டிரம். அதில் வெட்டிவேர். பஸ் நண்பர் கொடுத்த கன்று. வேர் எடுக்க ஒரு வருஷம் ஆகும். "எடுக்கற அன்னைக்கு நீங்க ஊர்ல இருக்கணும்" என்று தேதி வாங்கி வைத்திருக்கிறார்.

உழவர் நண்பர்களே, உங்களில் பல பேருக்குப் பிள்ளைகள் நகரத்து அடுக்குமாடியில் இருக்கிறார்கள். அடுத்த முறை பார்க்கப் போகும்போது அரிசி மூட்டையோடு நாலு கற்பூரவல்லிக் குச்சி, ஒரு பிரண்டைக் கணு, ஒரு பை மட்கிய உரம் எடுத்துப்போங்கள். பக்கத்து வீட்டுக்காரரும் எட்டிப் பார்ப்பார். அவருக்கும் ஒரு குச்சி கொடுங்கள்.